முதலில் உங்கள் கோப்பைப் படியுங்கள்

கேள்வி: எனக்கு இது முதல் கர்ப்பம். 11-வது வாரம் நடக்கிறது. உறுதியான நாளிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறேன். தோழிகள் கொடுத்த இரண்டு புத்தகங்கள், என்னைச் சுமந்தபோது அம்மா படித்த பழைய புத்தகம் ஒன்று, போனில் நான்கு செயலிகள். ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தேடிப் படிக்கிறேன். படித்த பிறகு தூக்கம் வருவதில்லை. தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அதோடு வரும் தாளில் கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. பயந்துபோய் இரண்டு நாளாக நிறுத்தியிருக்கிறேன். படிப்பதையே விட்டுவிடு என்கிறார் கணவர். நான் எதைப் படிக்கலாம், எதை விடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் சாப்பிடுவது தைராய்டு சுரப்புக் குறைவுக்கான லீவோதைராக்சின் என்றால், இன்றே மறுபடி தொடங்குங்கள். மருத்துவருக்கும் இன்றே போன் செய்து இரண்டு நாள் விட்டுப்போனதைச் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம். அந்த மருந்து உடம்பில் மெதுவாகத்தான் குறையும். பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இரண்டு நாளில் பெரிய சரிவு வந்திருக்காது. ஆனால் இனி நீங்களாக நிறுத்தாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் குழந்தைக்கு வேண்டிய தைராய்டு ஹார்மோன் உங்களிடமிருந்துதான் போகிறது, அதன் மூளை வளர்ச்சிக்கு அது தேவை. அதனால்தான் கர்ப்பம் உறுதியானதும் ரத்தப் பரிசோதனை செய்து, இந்த மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்டுவோம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாது; நடுவே 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஒருவேளை உங்களுடையது தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்கான மருந்து என்றால், மருந்தையே மாற்ற வேண்டி வரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அதற்கும் இன்றே போன் செய்யுங்கள்.

அந்தத் தாள் ஏன் அப்படிப் பேசுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைட் என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 இறுதியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த மருந்தால் பல நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைகளோடு பிறந்தன. அதற்குப் பிறகு எந்த மருந்துத் தாளும் கர்ப்பிணியிடம் மிகுந்த எச்சரிக்கையோடுதான் பேசுகிறது. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆனால் ‘மருத்துவரைக் கேளுங்கள்’ என்றால் கேட்கச் சொல்கிறது, நிறுத்தச் சொல்லவில்லை. வலிப்பு, ஆஸ்துமா, ரத்த அழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மருந்து சாப்பிடும் பெண்கள் இப்படி ஒரு வரியைப் பார்த்துவிட்டு நிறுத்தி, அதனாலேயே ஆபத்துக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். மருந்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் மதர்டூபேபி என்ற சேவையின் தகவல் தாள்கள் நன்றாக இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக, பதற வைக்காத மொழியில் எழுதியிருப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு, பால் கொடுக்கும்போது எந்த மருந்து சரி என்று பார்க்க அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் லாக்ட்மெட் என்ற தகவல் தொகுப்பு இருக்கிறது. இரண்டையும் படியுங்கள். மருந்தில் மாற்றம் மட்டும் உங்கள் மருத்துவர் வாயால் வரட்டும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

படிப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நான் மகப்பேறு மருத்துவர். என் முதல் கர்ப்பத்தில் நான் படித்ததெல்லாம் பாடநூல்கள். மகப்பேறு பாடநூலில் தொடக்க அத்தியாயங்களைத் தாண்டிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் எது எப்படித் தவறிப்போகலாம் என்பதைப் பற்றித்தான் இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். மருத்துவர் அதற்காகத்தான் படிக்கிறார். ஆனால் அந்த மாதங்கள் முழுக்க என் வயிற்றில் இருந்த குழந்தை எனக்கு அந்த அத்தியாயத் தலைப்புகளாகவே தெரிந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்: உங்களுக்கு எந்த வாரம் நடக்கிறதோ அதிலிருந்து அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் வரப்போவதை மட்டும் படியுங்கள். 11-வது வாரத்தில் 38-வது வாரத்து ஆபத்தைப் படிப்பதால் உங்களுக்கும் பயனில்லை, குழந்தைக்கும் பயனில்லை.

முதலில் படிக்க வேண்டியது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது: மருத்துவமனையில் கொடுத்த உங்கள் சொந்தக் கோப்பு. பெரும்பாலான பெண்கள் அதைப் பையில் வைத்துக் கொண்டுவருவார்கள், எங்களிடம் நீட்டுவார்கள், திரும்ப வாங்கிப் பையில் வைப்பார்கள். ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். நீங்கள் படியுங்கள். ‘பிரைமி’ என்று எழுதியிருந்தால் முதல் கர்ப்பம் என்று பொருள். ‘எல்.எம்.பி.’ என்பது கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி. ‘இ.டி.டி.’ என்பது எதிர்பார்க்கும் பிரசவத் தேதி, அந்த மாதவிடாய் நாளிலிருந்து எண்ணி 280-வது நாள். வாரக் கணக்கும் மாதவிடாயிலிருந்தே தொடங்குவதால், உங்களுக்கு 11 வாரம் என்றால் கரு உருவாகி 9 வாரம்தான் ஆகிறது. செயலிகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்காகவே இருக்கலாம். முதல் மூன்று மாத ஸ்கேனை வைத்து மருத்துவர் உறுதி செய்த தேதியை எல்லாவற்றிலும் போட்டுவிடுங்கள். இன்னும் நல்லது, நான்கில் மூன்றை அழித்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் ஒன்று உங்கள் உடல்நலத் தகவலை யாரோடு பகிர்கிறது என்பதை அதன் செட்டிங்ஸில் போய்ப் பாருங்கள்.

அந்தத் தேதியையும் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நூறில் நான்கைந்து குழந்தைகள்தான் சரியாக அந்த நாளில் பிறக்கின்றன. 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது பிறந்தாலும் அது காலத்தில் பிறந்த குழந்தைதான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில்தான் அதிகம் பயம் வருகிறது. ஒருமுறை 21-வது வாரத்தில் ஒரு பெண் அழுது வீங்கிய கண்ணோடு வந்து உட்கார்ந்தார். கையில் நான்காக மடித்த ரிப்போர்ட். ‘பிளசென்டா ஆன்டீரியர்’ என்ற சொற்களுக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தார்; அழுத்திப் போட்டதில் தாள் கொஞ்சம் கிழிந்திருந்தது. இரவெல்லாம் போனில் தேடியிருக்கிறார், ஏதேதோ அறுவைச் சிகிச்சைப் படங்கள் வந்திருக்கின்றன. நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கிறது என்று மட்டும்தான் அந்த வரி சொல்கிறது. ஏற்கெனவே கர்ப்பப்பையில் அறுவைச் சிகிச்சை நடக்காத பெண்ணுக்கு அதனால் கவலை எதுவும் இல்லை. நடுவே மெத்தை வைத்த மாதிரி இருப்பதால் குழந்தையின் ஆரம்ப உதைகள் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், அவ்வளவுதான். நான் சொன்னதும் அவர் ரிப்போர்ட்டை வாங்கி, அந்தக் கோடுகளுக்குப் பக்கத்திலேயே ‘முன்பக்கம், சரி’ என்று எழுதிக்கொண்டார். நீங்களும் அதையே செய்யுங்கள். புரியாத சொல்லை வட்டமிட்டு, அடுத்த முறை கேட்டு, பொருளை அதன் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதிவையுங்கள். உங்களுக்காகவே எழுதிய புத்தகம் மாதிரி அது சேர்ந்துகொண்டே வரும்.

இன்னும் இரண்டு வரிகளுக்கு இப்போதே பொருள் சொல்லிவைக்கிறேன், பின்னால் பயப்படுவீர்கள். குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் ‘30-வது பெர்சென்டைல்’ என்று வந்தால் அது நூற்றுக்கு முப்பது மதிப்பெண் இல்லை. அதே வாரத்தில் உள்ள நூறு குழந்தைகளை எடை வரிசையில் நிறுத்தினால் உங்கள் குழந்தை முப்பதாவது இடத்தில் நிற்கிறது, நன்றாகவே நிற்கிறது. பத்துக்குக் கீழே போனால் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம். அதே போல, 20-வது வார ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று வந்தால், கர்ப்பப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே போய்விடும். கடைசி மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். நடுவில் ரத்தம் பட்டால் மட்டும் காத்திருக்காமல் உடனே வர வேண்டும்.

அடுத்தது புத்தகங்கள். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் எந்த ஆண்டு அச்சானது என்று பாருங்கள். அப்புறம் இரண்டு பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள், அவை போதும்.

ஒன்று, பிறந்த குழந்தையை எப்படிப் படுக்க வைப்பது என்ற பக்கம். குப்புறப் படுக்க வைக்கச் சொன்னால் அந்தப் புத்தகத்தை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். மல்லாந்து படுத்தால் கக்கிய பால் மூச்சில் போய்விடும் என்று நம்பினார்கள். உறக்கத்தில் காரணம் தெரியாமல் இறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோது குப்புறப் படுத்திருந்தவையே அதிகம் என்று தெரிந்தது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் ‘மல்லாந்து படுக்க வையுங்கள்’ என்று பெரிய பிரசாரம் நடந்தது. அதன்பின் அந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. உங்கள் அம்மாவின் புத்தகம் அதற்கு முந்தையதாக இருக்கலாம். அவர் உங்களைத் தவறாக வளர்த்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. அன்று கிடைத்த நல்ல அறிவுரையைப் பின்பற்றினார். அந்தப் புத்தகத்தைத் தூக்கிப்போடாதீர்கள். ஓரங்களில் அம்மா ஏதாவது எழுதிவைத்திருந்தால் அதை மட்டும் படியுங்கள். அவருக்கு எந்த வாரத்தில் உதை தெரிந்தது, எப்போது பயந்தார் என்று கேளுங்கள்.

இரண்டாவது, பிரசவ வலியைப் பற்றிய பக்கம். கர்ப்பப்பை வாய் ‘மணிக்கு ஒரு சென்டிமீட்டர்’ திறக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் அது பழைய கணக்கு. 1950-களில் வரைந்த பிரசவ வரைபடத்திலிருந்து வளர்ந்த விதி அது. 2018-இல் உலக சுகாதார நிறுவனம், அந்த வேகம் எல்லாப் பெண்களுக்கும் பொருந்தாது, அதை மட்டும் வைத்துப் பிரசவத்தை அவசரப்படுத்தக் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. பிரசவ வலி வேகமெடுக்கும் கட்டம் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்ததிலிருந்து தொடங்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டும், முதல் பிரசவத்தில் அது 12 மணி நேரம் வரை போகலாம் என்பது இப்போதைய வழிகாட்டல். இதைப் படித்துவைத்திருக்கும் பெண், எட்டு மணி நேரம் ஆகியும் குழந்தை பிறக்கவில்லை என்றால் தன் உடம்பில் ஏதோ குறை என்று நினைத்து உடைந்துபோக மாட்டாள்.

புத்தகம் இல்லாமல் இலவசமாகப் படிக்க வேண்டும் என்றால், பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை வாரவாரியாக எழுதியிருக்கும் பக்கங்களை நான் முதலில் சொல்வேன். எளிமையானவை, எதையும் விற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டலிலிருந்து ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்: பிரசவத்துக்குள் குறைந்தது 8 முறை பரிசோதனை, முதல் முறை 12 வாரத்துக்குள். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பயன் தருகிறதா என்று சந்தேகம் வந்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் எளியநடைச் சுருக்கங்களைப் பாருங்கள். அந்த அமைப்பின் சின்னமே ஒரு மகப்பேறு கதைதான். குறைமாதப் பிரசவம் நடக்கப்போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முதிர்ந்து பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்று நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி இருவரும் 1972-லேயே காட்டினார்கள். பல ஆய்வுகள் அதையே சொல்லியும் அந்த ஊசி பரவலாகப் புழக்கத்துக்கு வர 1990-கள் ஆகிவிட்டன. அதற்குள் பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகள் போய்விட்டன. அந்த ஆய்வுகளின் முடிவுகளைக் கோடுகளாக வரைந்த படம்தான் அந்தச் சின்னத்தின் நடுவில் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும்.

எப்போது எதைப் படிப்பது? இப்போதைக்கு வாந்தி, சோர்வு, முதல் மூன்று மாதப் பரிசோதனைகள், இவ்வளவு போதும். 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் உறுப்பு ஸ்கேன் எதைப் பார்க்கும், எதைப் பார்க்க முடியாது என்பதை அதற்குப் போவதற்கு முன் படியுங்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைப் பரிசோதனை வரும். அப்போது அதைப் பற்றிப் படிக்கலாம். 28-க்கு மேல் தூங்கும் விதம்: ஒருக்களித்துத் தூங்கப் போங்கள், இடமா வலமா என்று கவலை வேண்டாம், நடுவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்திருக்கிறீர்கள் என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பிரசவத்தைப் பற்றி 32-வது வாரத்துக்கு மேல் படியுங்கள். அதில் சிசேரியன் பற்றிய பக்கங்களையும் தாண்டாமல் படியுங்கள். எனக்கு அது வராது என்று தாண்டிய பெண்கள்தான் திடீரென்று தேவைப்படும்போது அதிகம் திகைத்துப்போகிறார்கள்.

ஒன்றை மட்டும் வாரக் கணக்கு பார்க்காமல் இன்றே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். எந்த அறிகுறி வந்தால் தேடக் கூடாது, போன்தான் செய்ய வேண்டும் என்ற பட்டியல் அது. ரத்தப்போக்கு. தண்ணீர் போலக் கசிவது. காய்ச்சல். கடுமையான வயிற்று வலி. எதைச் சாப்பிட்டாலும் குடித்தாலும் நிற்காத வாந்தி. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். மூச்சுத் திணறல். 20 வாரத்துக்கு மேல் விடாத தலைவலி, கண் மங்குவது, முகமும் கையும் திடீரென வீங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலி. இவை ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டி ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். பிற்பாதியில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தாங்க முடியாத அரிப்பு. பட்டியலுக்குக் கீழே மருத்துவமனையின் போன் எண். உங்கள் கணவர் கண்ணில் தினமும் படும் இடமாக இருக்கட்டும்.

அசைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரம் வாக்கில், சிலருக்கு இன்னும் தாமதமாக, வயிற்றுக்குள் குமிழி உடைவது போலத் தெரியத் தொடங்கும். போகப்போக உங்கள் குழந்தைக்கென்று ஒரு வழக்கம் இருப்பது பிடிபடும்; எப்போது உருளும், எப்போது சும்மா இருக்கும் என்று. நாளைக்கு இத்தனை உதை என்று எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. உங்கள் குழந்தையின் வழக்கம் மாறினால், அசைவு குறைந்தால், அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், போன் செய்து கிளம்புங்கள். பிரசவம் நெருங்கினால் இடமில்லாமல் அசைவு குறைந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். அது உண்மை இல்லை. உதையின் தன்மை மாறும். அசைவு பிரசவ நேரம் வரை இருக்கும். ‘காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருந்தவர்களை நான் மறக்கவில்லை. பத்து முறை வந்து ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனாலும் பதினோராவது முறையும் வாருங்கள். யாரும் முகம் சுளித்தாலும் வாருங்கள்.

இந்தப் பட்டியலிலும் அசைவு மாறுவதிலும் சேராத எந்தச் சந்தேகமும் விடியும் வரை காத்திருக்கும். அதனால் ராத்திரி விழிப்பு வந்தால் போனைத் தொடாமல், தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்து, கேள்வியை அதில் எழுதிவிட்டுப் படுங்கள். போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும்.

மற்றவர்களின் பிரசவக் கதைகளையும் வீடியோக்களையும் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் பார்ப்பீர்கள். பயமுறுத்தும் கதைக்குத்தான் பார்வையாளர்கள் அதிகம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்போது, நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கும் பகுதி. முதல் முறை தாயாகும் பெண்கள் பிரசவ நாள் வரை எல்லாவற்றையும் படித்துவிடுகிறார்கள். அதற்கு மறுநாளைப் பற்றி ஒரு பக்கம்கூடப் படிப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். என் மகள் பிறந்த மூன்றாம் நாள் ராத்திரி, மார்பு கல் மாதிரி கனத்துக் கிடந்தது, குழந்தை வாய் வைத்து வைத்து வழுக்கி அழுதது, நானும் அழுதேன். அதற்குள் நூற்றுக்கணக்கான பிரசவங்கள் பார்த்திருந்த எனக்குப் பால் கட்டினால் என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு இரவுப் பணியில் இருந்த செவிலியர் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் பாலைக் கையால் பீய்ச்சி எடுத்து, காம்பைச் சுற்றி இளக வைத்து, குழந்தையின் முகவாயை மார்போடு ஒட்டி வைத்து, வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை பொறுத்திருந்து பிடிக்க வைத்தார். பத்து நிமிட வேலை. எந்தப் பாடநூலிலும் அதை நான் படித்திருக்கவில்லை.

அதனால் 34-வது வாரத்திலிருந்து புத்தகத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுவது, சீம்பால் கொஞ்சமாக வந்தாலும் போதும் என்பது, நாளுக்கு 8 முதல் 12 முறை பால் கேட்பது, முதல் சில நாளில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து இரண்டு வாரத்துக்குள் அதை எட்டிப்பிடிப்பது, ஐந்தாம் ஆறாம் நாளில் தினமும் ஆறு முறையாவது சிறுநீர் போவது, இவை தெரிந்திருந்தால் ‘பால் போதவில்லையோ’ என்ற பயம் பாதி குறையும். குளோபல் ஹெல்த் மீடியா என்ற அமைப்பு தாய்ப்பால் கொடுப்பதைப் பற்றியும் பிறந்த குழந்தையைப் பற்றியும் எடுத்த குறும்படங்கள் பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. குழந்தை மார்பைப் பிடிப்பதை அவ்வளவு கிட்டத்தில் காட்டியிருப்பார்கள். இதைப் படித்துப் புரிந்துகொள்வது கஷ்டம், பார்த்துவிடுங்கள்.

உங்களைப் பற்றிய பக்கங்களையும் படியுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனையும் அளவு ரத்தம் போனால் அது அவசரம். தலைவலியும் கண் மங்குவதும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் ஆபத்தான அறிகுறிகளே. மனசைப் பற்றியும் படியுங்கள். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது மிகப் பலருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். போகாமல் நீடித்தால், குழந்தையைப் பார்த்தாலே வெறுமையாக இருந்தால், தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால், அது சிகிச்சை இருக்கிற நோய். குழந்தை பெற்ற பெண்களில் நூறில் சுமார் 13 பேருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வாக, மனநலப் பாதிப்பு வருவதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கர்ப்ப காலத்திலேயே நூறில் 10 பேருக்கு. இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987-இல் உருவான எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள்தான். அதைப் படித்துவையுங்கள், உங்கள் கணவரையும் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் தூக்கமில்லாமல் தேடித் தேடிப் படிப்பதைப் பற்றியும் உங்கள் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அந்தப் பதற்றத்துக்கும் உதவி உண்டு.

கணவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. படிப்பதை விடச் சொன்னவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். அவர் கையில் இரண்டு பக்கங்களைக் கொடுங்கள்: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பட்டியல், அப்புறம் பிரசவத்தில் கூட இருப்பவர் என்ன செய்யலாம் என்ற பக்கம். பிரசவம் முழுக்க ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் தானாகப் பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் சொல்லியிருக்கிறது. அது கணவராகவே இருக்க வேண்டியதில்லை, நீங்கள் விரும்பும் யாராகவும் இருக்கலாம். ஆனால் அவர் இருப்பதாக இருந்தால், அவரும் படித்துவிட்டு வரட்டும்.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது நோட்டைத் திறந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். தைராய்டு அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை எப்போது, மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டுமா? என் பிரசவத் தேதி ஸ்கேன்படி எது? ராத்திரி ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? பதில்களைக் கோப்பின் முதல் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை இன்று மறுபடி தொடங்கிவிட்டீர்களா, மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள், காத்திருப்பேன்.